ஜூன் மாத வெள்ளிக்கிழமையும் ஜூலை மாத வெள்ளிக்கிழமையும்

கேள்வி: அண்ணா, நானும் கணவரும் லண்டனில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். கம்பனியாகப் பதிந்தது, இருவரும் இயக்குநர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வேலையாட்கள் நான்கு பேரை ஃபர்லோவில் (கொரோனாக் காலத்தில் வேலையின்றி வீட்டில் இருந்தவர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசு கொடுத்த திட்டம்) விட்டோம். மே தொடக்கத்தில் டேக்அவே ஓடர்கள் கூடியபோது, அவர்களில் இரண்டு பேரை வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் சமையலுக்குக் கூப்பிட்டோம். இரவுக்கு ஆறு மணித்தியாலம், 40 பவுண்ட் கையில் கொடுத்தோம். ஒக்டோபர் முடியும்வரை இப்படியே போனது. அவர்களுடைய வழமையான வேலை கிழமைக்கு 40 மணித்தியாலம், சம்பளம் மாதம் 1,600 பவுண்ட். ஃபர்லோ காசை முழுமாதத்துக்கும் எடுத்து அவர்களுக்கே கொடுத்தோம், ஒரு பென்ஸ்கூட நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. கோரிக்கைகளைப் போட்டது கணவரின் தம்பி. ஃபர்லோவில் இருக்கும்போது கடைக்கு வேலை செய்யக்கூடாது என்ற கடிதத்தில் நான்கு பேரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது அந்த இருவரில் ஒருவர் சம்பளத் தகராறில் விலகிப்போய், வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு எழுதப்போவதாகச் சொல்கிறார். கணவரோ, இத்தனை வருஷம் கழித்து யார் கேட்கப்போகிறார்கள், கேட்டால் கம்பனியை மூடிவிட்டு வேறு பெயரில் தொடங்கலாம் என்கிறார். தம்பி அடுத்த மாதம் கனடாவுக்குப் போய்விடுவார். எனக்கு நித்திரை இல்லை. நாங்கள் செய்தது பிழையா, மோசடியா?

பதில்:

தங்கச்சி, உங்கள் பெயரையும் கடையின் பெயரையும் போடாமல் எழுதியது நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த ஏப்ரல் மாதம் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்ச் 20ஆம் தேதி நிதியமைச்சர் ரிஷி சுனக் திட்டத்தை அறிவித்தார். பெப்ரவரி 28 அன்று சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான் என்று முதலில் சொன்னார்கள். ஏப்ரல் 15ஆம் தேதி அது மார்ச் 19 என்று மாறியது. ஐந்து நாள் கழித்து, 20ஆம் தேதி, கோரிக்கைத் தளத்தைத் திறந்தார்கள். இரவு வாசித்த வழிகாட்டல் காலையில் திருத்தப்பட்டிருக்கும். கடைக்காரர் அழுதபடி தொலைபேசியில் கேட்பார். பதில் சொல்லக் கணக்காளர்களான நமக்கே தெரியாது. அந்தக் குழப்பத்தில் தவறு விட்டவர்களை நான் குற்றவாளிகளாகப் பார்த்ததில்லை. எச்எம்ஆர்சியும் அன்று அப்படித்தான் சொன்னது. 2020 செப்டெம்பரில் அதன் தலைவர் ஜிம் ஹாரா பாராளுமன்றக் குழுவின் முன் வந்து, கொடுத்த பணத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை பிழையாகவோ மோசடியாகவோ போயிருக்கலாம் என்றார். நியாயமான தவறுகளைத் தேடிப் போகமாட்டோம், ஆனால் முதலாளிகள் தங்கள் கோரிக்கைகளைத் தாங்களே திரும்பப் பார்த்து, கூடுதலாக எடுத்ததைக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார்.

இந்தத் திரும்பப் பார்க்கும் வேலையைத்தான் நம்முடைய கடைக்காரர்கள் பலர் செய்யாமல் விட்டார்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள். பிரித்துப் பார்க்கவேண்டும்.

நான்கு பேருடைய ஏப்ரல் மாதமும் சுத்தம். மூன்று கிழமைக்குக் குறையாமல் வேலையே இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் அன்றைய விதி. நீங்கள் கூப்பிடாத மற்ற இருவருடைய காலம் முழுவதும் சுத்தம். அந்தக் காசைப் பற்றி யாரும் உங்களைக் கேட்க முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் அங்கும் பாருங்கள். 2020 ஜூலை முடியும்வரை, முதலாளி கட்டும் தேசிய காப்பீட்டுப் பங்கையும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்துக் கோரலாம் என்று இருந்தது. ஆனால் அந்த வருஷம் சின்னக் கடைகளுக்கு அந்தக் காப்பீட்டுப் பங்கில் 4,000 பவுண்ட் வரை கழிவு, எம்ப்ளோய்மென்ட் அலவன்ஸ் என்று, உண்டு. அதை எடுத்த கடை காப்பீட்டுப் பங்கை உண்மையில் கட்டவே இல்லை. கட்டாததைக் கோர முடியாது. மென்பொருள் காட்டிய எண்ணை அப்படியே தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். தம்பியாரும் அப்படிப் போட்டிருந்தால், 1,280 பவுண்ட் ஃபர்லோ சம்பளத்தில் ஒரு ஆளுக்கு மாதம் சுமார் 75 பவுண்ட் கூடுதலாக வந்திருக்கும். பிழை என்று நீங்கள் கேட்டீர்களே, அது இதுதான். யாரும் ஒளிக்கவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ஆனாலும் அது திருப்பிக் கொடுக்கவேண்டிய காசு.

இனி அந்த வெள்ளிக்கிழமைகள்.

ஜூன் 30 வரையான விதியில் அரைகுறை கிடையாது. ஃபர்லோவில் இருப்பவர் தன் முதலாளிக்கு ஒரு மணித்தியாலம்கூட வேலை செய்யக்கூடாது. வேறு இடத்தில் வேலை செய்யலாம், பயிற்சிக்குப் போகலாம், தொண்டு செய்யலாம். உங்கள் அடுப்படிக்கு மட்டும் வரக்கூடாது. இரண்டு இரவுதானே, மற்ற ஐந்து நாளும் வீட்டில்தானே இருந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் அந்த இருவருடைய மே, ஜூன் கோரிக்கை முழுவதும் விழுந்துவிடும். 1,600இன் 80 சதவீதம் 1,280. இரண்டு பேர், இரண்டு மாதம்: 5,120 பவுண்ட். அதற்கு மேல் அந்த மாதங்களின் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு.

ஜூலை 1ஆம் தேதி விதி மாறியது. அன்று முதல் பகுதிநேர ஃபர்லோ வந்தது. ஒருவரைக் கிழமைக்கு 12 மணித்தியாலம் வேலைக்குக் கூப்பிட்டு, மீதி 28 மணித்தியாலத்துக்கு மட்டும் கோரலாம். அதாவது ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை செய்யக்கூடாததாக இருந்த அதே வேலை, ஜூலை முதல் வெள்ளிக்கிழமை செய்யக்கூடியதாகிவிட்டது. வேலை செய்த நேரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டிருந்தால் உங்களுக்கு அந்த நாலு மாதமும் எந்தப் பிரச்சினையும் இல்லை. முழுநேரத்துக்கும் கோரியதால், நாற்பதில் பன்னிரண்டு பங்கு, அதாவது 30 சதவீதம், கூடுதல். ஜூலை, ஓகஸ்ட்டில் ஆளுக்கு மாதம் 384 பவுண்ட். செப்டெம்பரில் அரசு கொடுத்தது 70 சதவீதம்தான் என்பதால் 336, ஒக்டோபரில் 60 சதவீதம் என்பதால் 288. இரண்டு பேருக்கும் நாலு மாதத்துக்குமாக 2,784 பவுண்ட்.

ஆக, மே முதல் ஒக்டோபர் வரை 7,904 பவுண்ட். காப்பீடும் ஓய்வூதியமும் வேறு. சின்னக் காசு இல்லைதான். ஆனால் இது உங்கள் கணவர் கற்பனை செய்து வைத்திருப்பதைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். உண்மையான எண் தெரியாத பயம் ஆட்களை மோசமான முடிவுகளுக்குக் கொண்டுபோகிறது. கம்பனியை மூடுவது என்ற யோசனையும் அப்படி வந்ததுதான்.

இது மோசடியா என்றால், அதை முடிவு செய்வது உங்களுக்கு அன்று என்ன தெரிந்திருந்தது என்பதே. 2020 நிதிச் சட்டத்தின் 16ஆம் அட்டவணை இதற்காகவே எழுதப்பட்டது. தகுதியில்லாமல் எடுத்த தொகை முழுவதும், நூற்றுக்கு நூறு, வரியாகத் திரும்பப் போகவேண்டும். அதை 90 நாளுக்குள் அல்லது 2020 ஒக்டோபர் 20ஆம் தேதிக்குள், எது பிந்தியதோ அதற்குள், அறிவித்திருக்கவேண்டும். பணம் வந்தபோதே தகுதியில்லை என்று தெரிந்தும் அறிவிக்காமல் இருந்தால், சட்டம் அதை ‘தெரிந்தே செய்து மறைத்தது’ என்ற மிகக் கடுமையான வகையில் வைக்கிறது. அபராதம் எடுத்த தொகையின் 100 சதவீதம் வரை போகலாம். தெரியாமல் எடுத்தவருக்கு அவகாசம் இன்னும் நீளமாக இருந்தது; அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது.

உங்கள் பக்கத்தில் சங்கடமான தாள் அந்தக் கடிதம். வேலை செய்யக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, அடுத்த மாதமே கூப்பிட்டிருக்கிறீர்கள். மே, ஜூன் பற்றி ‘விதி தெரியாது’ என்று சொல்வது கடினம். ஜூலைக்குப் பிறகு பகுதிநேரக் கணக்குத் தெரியவில்லை என்றால் அதில் கொஞ்சம் நம்பத்தக்க தன்மை உண்டு. கணக்கைப் போட்டது தம்பியார் என்பதால் பொறுப்பு அவருக்குப் போய்விடாது. கோரிக்கை கம்பனியுடையது. ஆனால் இருவரும் வேலைக்கு வந்தது தம்பியாருக்குத் தெரியுமா, தெரிந்தும் போட்டாரா என்பதை வைத்து விஷயம் நிறைய மாறும். உங்களுக்கு எப்போது தெரியவந்தது என்பதும் தனியாகப் பார்க்கவேண்டியது.

கணவர் சொல்வதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

காலம் போய்விட்டது என்கிறார். சாதாரணத் தவறுக்கு வரித் திணைக்களம் திரும்பிப் பார்க்கக்கூடியது 4 ஆண்டு, கவனக்குறைவுக்கு 6, தெரிந்தே செய்ததற்கு 20 ஆண்டு. இதற்கென்று 2021இல் 10 கோடி பவுண்ட் செலவில் அமைத்த தனிப் படை 2023இல் கலைக்கப்பட்டது உண்மை. அப்போது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் வேலை வழமையான பிரிவுகளுக்கு மாறியதே தவிர நிற்கவில்லை. 2024 டிசெம்பரில் கோவிட் காலப் பணத்தை மீட்பதற்காக டாம் ஹேஹோ என்பவரை அரசு தனி ஆணையராகவே நியமித்தது. அப்புறம், ஆதாரம் எங்கே இருக்கும் என்று யோசிக்கிறீர்களா? டெலிவரி ஆப்பில் அந்த இரவுகளின் ஓடர்கள் இருக்கும். கார்ட் மெஷின் கணக்கை வரித் திணைக்களம் நேரடியாகவே வாங்க முடியும். ‘இண்டைக்கு ஆறு மணிக்கு வாங்கோ’ என்ற உங்கள் வட்ஸ்அப் செய்தி அந்த வேலையாளின் கைத்தொலைபேசியில் இன்றும் இருக்கும்.

கம்பனியை மூடலாம் என்கிறார். இதைத் தயவுசெய்து செய்யவேண்டாம். 2021 டிசெம்பரில் வந்த சட்டத்தின்படி, கலைத்த கம்பனியின் இயக்குநர்களையும் விசாரித்துத் தடை செய்யலாம். இந்தத் தந்திரத்தை அடைக்கவே அந்தச் சட்டம் வந்தது. கம்பனி கடனில் மூழ்கினால், தெரிந்தே எடுத்த ஃபர்லோ காசை இயக்குநர்களிடம் தனிப்பட்ட முறையில் கேட்கவும் 2020 சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் பெயரும் அங்கே இருக்கிறது, தங்கச்சி. இன்று வெறும் காசுப் பிரச்சினையாக இருப்பது அன்று வீட்டுப் பிரச்சினையாகிவிடும்.

சிறைக்குப் போவோமா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நித்திரை இல்லை என்று எழுதியது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். 2020 ஜூலையில் சோலிஹல் பகுதியில் ஒருவரைக் கைது செய்தார்கள். ஃபர்லோ மோசடி என்ற சந்தேகத்தில் நடந்த முதல் கைது அது. அதில் பேசப்பட்ட தொகை 4,95,000 பவுண்ட். உங்களுடைய அளவில் உள்ளவற்றைப் பெரும்பாலும் பணமாகவும் அபராதமாகவுமே தீர்க்கிறார்கள். நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அவர்கள் வருமுன் நீங்கள் போவதற்கும், அவர்கள் வந்த பிறகு ஒப்புக்கொள்வதற்கும் சட்டத்திலேயே வித்தியாசம் எழுதியிருக்கிறது. அந்தக் கடுமையான வகையில்கூட, தானாகப் போய்ச் சொன்னவருக்கு அபராதம் 30 சதவீதம் வரை இறங்கலாம். கேட்ட பிறகு சொன்னவருக்கு 50க்குக் கீழே இறங்காது. வருஷக்கணக்கில் தாமதித்ததற்காக அந்தக் குறைப்பு முழுவதும் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் அந்த வேலையாளின் கடிதம் போய்ச் சேருமுன் உங்களுடையது சேர்வது முக்கியம்.

எப்படிப் போவது என்பதில் அவசரப்படவேண்டாம். மோசடி என்று ஒப்புக்கொள்ளவேண்டிய நிலை இருந்தால், கோட் ஒஃப் பிராக்டிஸ் 9 என்ற ஒரு வழி உண்டு. வேண்டுமென்றே செய்தோம் என்று ஏற்றுக்கொண்டு, 60 நாளுக்குள் முதல் விவரத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் முழுமையாகச் சொன்னால், சொன்ன விஷயத்துக்காகக் குற்றவியல் விசாரணை நடத்தமாட்டோம் என்று எச்எம்ஆர்சி ஒப்பந்தம் செய்யும். அரைகுறையாகச் சொன்னால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். உங்களுக்கு அது வேண்டுமா, சாதாரணமாக எழுதிப் பணத்தைக் கட்டினால் போதுமா என்பதைத் தாள்களைப் பார்க்கிற ஒருவர்தான் சொல்லவேண்டும்.

அந்த ஒருவர் முதலில் ஒரு சொலிசிட்டராக இருக்கட்டும். நான் கணக்காளர், என் தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொலிசிட்டரிடம் சட்ட ஆலோசனைக்காகச் சொல்வது இரகசியம். கணக்காளரிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2013இல் ப்ருடென்ஷியல் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதோடு, மோசடி என்று சந்தேகம் வந்தால் எங்களுக்குச் சட்டப்படி அறிக்கை செய்யும் கடமை உண்டு. உங்களிடம் சொல்லிவிட்டும் செய்ய முடியாது. பெயர் போடாதது நல்லது என்றது இதனால்தான். வரி விசாரணைகளில் பழக்கமுள்ள சொலிசிட்டரைத் தேடுங்கள். வீடு வாங்கும்போது வந்தவர் போதாது. கணக்காளர் தேவைப்பட்டால் அவரே அழைப்பார்.

இடைப்பட்ட நாட்களில் அந்த வேலையாளைத் தேடிப் போய்க் கதைக்காதீர்கள். காசு கொடுத்து வாயை மூடப் பார்க்காதீர்கள். ‘நான் அன்று வேலை செய்யவில்லை’ என்று கையெழுத்து வாங்க யாராவது ஆலோசனை சொன்னால் அந்த ஆளிடம் இனி ஆலோசனை கேட்காதீர்கள். பழைய வேலை அட்டவணையை இப்போது எழுதி 2020 என்று திகதி போடுவதும் அப்படித்தான். எட்டாயிரம் பவுண்டில் நிற்கிற விஷயத்தை நிஜமாகவே சிறை வாசலுக்குக் கொண்டுபோகக்கூடியவை இவைதான். வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘ஒரு பென்ஸ்கூட நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். கிழமைக்கு 12 மணித்தியாலம், கையில் 80 பவுண்ட். அவர்களுடைய சம்பளப்படி அந்த நேரத்துக்கு 110 பவுண்ட் வரவேண்டும். அந்த வருஷம் 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 8 பவுண்ட் 72 பென்ஸ். அந்தக் கணக்கிலும் 104 பவுண்டைத் தாண்டுகிறது. கையில் கொடுத்தது சம்பளத் தாளில் வரவில்லை, அதற்கு வரியும் கட்டவில்லை, அவர்களுடைய ஓய்வூதியத்திலும் சேரவில்லை. கொரோனாவின் நடுவில் பஸ் ஏறி வந்து மூடிய அடுப்படியில் நின்றவர்கள் அவர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் வரமாட்டோம் என்று சொல்லியிருக்கவும் முடியாது. நம்முடைய ஆட்களின் கடைகளில் இதை நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு வேதனையாக இருக்கிறது. இப்போது கோபித்துக்கொண்டு போனவரின் சம்பளத் தகராறு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து பாருங்கள்.

எச்எம்ஆர்சிக்குத் திருப்பிக் கட்டும் காசை அந்த இருவரிடம் கேட்கக்கூடாது. அது கம்பனியின் சுமை. அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட கூலியையும், கையில் கொடுத்ததற்கான வரியையும் சொலிசிட்டரிடம் சேர்த்தே சொல்லுங்கள். அதை மறைத்துவிட்டு ஃபர்லோவை மட்டும் சொன்னால், முழுமையாகச் சொன்னதாகாது. அவர் மூலமாகவே இருவருக்கும் மீதியைக் கொடுக்க வழி பார்க்கலாம். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணைக்குக் கேட்கலாம். கடை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் அதற்குச் சம்மதிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தம்பியார் அடுத்த மாதம் போகிறார் என்றீர்கள். கோரிக்கைப் பதிவுகளையும், ஒவ்வொரு ஆளுக்கும் போட்ட கணக்கையும் 6 வருஷம் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. அவை அவருடைய கணினியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டி கட்டுமுன் அவர் வீட்டுக்கு நீங்களே போய், 2020 ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையான எல்லாக் கோரிக்கைகளையும், அவற்றின் இலக்கங்களையும், அந்த மாதங்களின் சம்பளத் தாள்களையும் ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வாருங்கள். எதையும் திருத்தாமல், இருக்கிறபடியே.